வெளிநாட்டு ஆர்டருக்குப் பணம் வரும் வழி: தொழிலின் அளவு அதை எப்படி மாற்றுகிறது?

"துபாயிலேருந்து மச்சான் மாசாமாசம் அனுப்புறான், மறுநாளே அக்கவுண்ட்ல விழுது. அமெரிக்கா ஆர்டருக்குப் பணம் வாங்க மட்டும் எதுக்குண்ணே இவ்வளவு பாடு?"

நாகர்கோவிலில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குமரி மாவட்டத்தில் அபூர்வம். வெளிநாட்டுப் பணம் நமக்குப் பழகிய விஷயம். அந்தப் பழக்கமே இங்கே குழப்பத்துக்கும் காரணமாகிறது. டீக்கடையில் கேட்டால் இன்னொரு பதில் கிடைக்கும்: "சின்ன ஆளுன்னா பேபால், பெரிய ஆளுன்னா எல்சி, அவ்வளவுதான்." பேபால் என்பது இணையவழிப் பணச் சேவை, எல்சி என்பது வங்கி தரும் பண உறுதிக் கடிதம்; இரண்டும் பின்னால் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல்தான் பலர் வருடக்கணக்காகக் காசை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அடியிலிருந்தே தொடங்கலாம்.

வீட்டுப் பணம் வேறு, விற்பனைப் பணம் வேறு

மச்சான் அனுப்பும் பணத்துக்கு ஈடாக நீங்கள் எதையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அவருக்கும் உங்களுக்கும் இடையே சந்தேகமும் இல்லை. ஆர்டர் பணம் அப்படியா? ஒரு பக்கம் பொருள் போக வேண்டும், மறுபக்கம் பணம் வர வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் கைமாறாது. யாரோ ஒருவர் முதலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் ஒரு பயம் இருக்கிறது: எதிராளி ஏமாற்றிவிட்டால்?

வெளிநாட்டு வியாபாரத்தில் பணம் வாங்கும் எல்லா முறைகளும் இந்தக் காத்திருப்பையும் பயத்தையும் யார் தலையில் வைப்பது என்பதற்கான ஏற்பாடுகள்தான். கட்டணம் என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சுமையை வேறொருவர் தூக்குவதற்கான கூலி.

சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கடைகளில் பெயரும் எண்ணும் சொல்லி வாங்கும் மணி டிரான்ஸ்ஃபர் முறையை ரிசர்வ் வங்கி தனிப்பட்ட தேவைகளுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறது. ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருடத்தில் 30 முறை என்று வரம்பும் உண்டு. விற்ற பொருளுக்கான பணத்தை "குடும்பச் செலவு" என்று சொல்லி அதில் வரவழைப்பது தவறு. தெரியாமல் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பின்னால் ஏற்றுமதிக் கணக்கு காட்டும்போது பொருள் போனதற்குத் தாள் இருக்கும், பணம் வந்ததற்கு இருக்காது. அப்போது அலைவது நீங்கள்தான்.

ரப்பர் ஷீட் கடையில் நடப்பது

குலசேகரம் பக்கம் ஒரு சின்ன ரப்பர் விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். இருநூறு மரம். வாரக் கடைசியில் காய்ந்த ஷீட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு அருகில் உள்ள ஷீட் கடைக்குப் போகிறார். கோட்டயம் விலை என்ன என்று அவருக்கும் தெரியும். கடைக்காரர் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துத்தான் எடுப்பார் என்பதும் தெரியும். ஆனாலும் அங்கேதான் கொடுக்கிறார்.

பெரிய எஸ்டேட்காரர் அப்படிச் செய்வதில்லை. ஷீட்டைச் சேர்த்து வைத்து, விலை ஏறும் நாள் பார்த்து, லாரியில் ஏற்றுகிறார்.

சின்னவருக்குக் கணக்குத் தெரியாததால் இப்படி நடக்கிறது என்று நினைத்தால் தப்பு. அவருக்கு இன்றைக்கே பால் வெட்டுகிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், காத்திருக்க முடியாது. முப்பது கிலோவுக்கு லாரி வாடகை கட்டுப்படியாகாது. கோட்டயத்தில் உள்ள மொத்த வியாபாரிக்கு அவரைத் தெரியாது, முப்பது கிலோவுக்காகத் தெரிந்துகொள்ளவும் மாட்டார். காத்திருக்கும் தெம்பு, அளவுக்கேற்ற செலவு, எதிராளியின் நம்பிக்கை. இந்த மூன்றும் தொழில் பெரிதாக ஆக மாறுகின்றன. வெளிநாட்டு ஆன்லைன் வியாபாரத்திலும் இதே மூன்றுதான் வேலை செய்கின்றன. பொருள் மட்டும் நகையாகவோ மென்பொருளாகவோ முந்திரியாகவோ இருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பணம் வாங்கும் முறை என்பது காத்திருப்பையும் பயத்தையும் பங்கு போடும் ஏற்பாடு. அந்தப் பங்கில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்பதை உங்கள் அளவு மாற்றுகிறது.

முறைகள் எப்படி வேலை செய்கின்றன?

முதலாவது, கார்டு. வாங்குபவர் உங்கள் இணையதளத்தில் கார்டு எண்ணைப் போடுகிறார். கார்டு கொடுத்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு, விற்பவர் பக்க வங்கி என்று மூன்று பேரைத் தாண்டிப் பணம் வருகிறது. இந்த மூவரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட ஒரு சின்னக் கடையால் முடியாது. அதனால் நடுவே ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளை ஒரே குடையின் கீழ் சேர்த்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் பேமென்ட் அக்ரிகேட்டர். ரப்பர் ஷீட் கடைக்காரர் செய்யும் வேலையேதான். பேபால் செய்வதும் ஏறக்குறைய இதுதான். 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களை நிறுத்திவிட்டது. இப்போது வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும்.

இரண்டாவது, வங்கிக்கு வங்கி அனுப்பும் வயர். இதைப் பலர் "ஸ்விஃப்டில் வருது" என்பார்கள். ஸ்விஃப்ட் பணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய அந்த அமைப்பு, "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்ற செய்தியை மட்டும் வங்கிகளுக்கிடையே பாதுகாப்பாகக் கொண்டு சேர்க்கிறது. பணம் நகர்வது வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகள் வழியாக. அனுப்பும் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் இன்னொரு வங்கி வரும். அதைக் கரஸ்பாண்டென்ட் வங்கி என்பார்கள். கொல்லங்கோட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர் பஸ் கிடைக்காவிட்டால் மார்த்தாண்டத்தில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று என்று மாறி ஏறுவோமே, அது போல. ஒவ்வொரு வண்டியிலும் டிக்கெட் எடுக்க வேண்டும். 1,000 டாலர் அனுப்பியதாக அவர் சொல்ல, உங்களுக்கு 975 வந்து நிற்பது இதனால்தான்.

மூன்றாவது, எல்சி. சொன்னபடி சரக்கை ஏற்றியதற்கான தாள்களைக் கொடுத்தால் நான் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதி இது. ஆளை நம்ப முடியாத இடத்தில் வங்கியை நம்புகிறோம். ஒன்றை மறக்கக் கூடாது: வங்கி பார்ப்பது தாளை மட்டும்தான், சரக்கைத் திறந்து பார்க்காது. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள யூசிபி 600 என்ற சர்வதேச விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. எல்சியில் துறைமுகத்தின் பெயர் ஒரு மாதிரி, கப்பல் ரசீதில் வேறு மாதிரி இருந்தால்கூடப் பணத்தை நிறுத்தி வைக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். தூத்துக்குடிக்கு எத்தனை ஸ்பெல்லிங் உண்டு என்பது நமக்குத் தெரியாதா?

நான்காவது, ஓப்பன் அக்கவுண்ட். பெயர்தான் பெரிது, விஷயம் நம்மூர்ப் பற்று நோட்டு. சரக்கை அனுப்பிவிட வேண்டும், அவர் 30 நாளிலோ 60 நாளிலோ பணம் போடுவார். தோவாளை பூச்சந்தையில் வழக்கமான கடைக்கு மூட்டையை ஏற்றிவிட்டுப் பிறகு கணக்குத் தீர்த்துக்கொள்வது போலத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், கார்டில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு அதிகம். முன்பணமாக வயர் வந்தால் விற்பவர் நிம்மதியாகத் தூங்கலாம். எல்சி நடுவில் நிற்கிறது, ஆனால் தாள் வேலை மலை போல. ஓப்பன் அக்கவுண்டில் பயம் முழுக்க விற்பவருக்கு.

சதவீதமா, ஒரே தொகையா?

இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். கார்டு வழிகள் சதவீதத்தில் வெட்டுகின்றன. வயரில் தொகை எவ்வளவானாலும் கட்டணம் ஏறக்குறைய ஒரே அளவு. உங்கள் வங்கியின் எண்கள் மாறலாம். எளிமைக்காகக் கார்டு வழிக்கு 5 சதவீதம், வயருக்கு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

5,000 ரூபாய் ஆர்டருக்குக் கார்டு 250 ரூபாய் எடுக்கும், வயர் 2,000. கார்டுதான் சரி. 40,000 ரூபாய் ஆர்டருக்கு இரண்டும் சமம். 5 லட்சம் ரூபாய் ஆர்டருக்குக் கார்டு 25,000 எடுத்துக்கொள்ளும், வயர் அதே 2,000. அந்த 40,000 என்ற கோட்டைத்தான் ஒவ்வொருவரும் தங்கள் எண்களைப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே சதவீதம், மேலே ஒரே தொகை.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டணம் உண்டு. டாலரை ரூபாயாக மாற்றும்போது கொடுக்கும் விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் அது. "சர்வீஸ் சார்ஜ் கிடையாது" என்று விளம்பரம் செய்பவர்கள்கூட இங்கே எடுத்துவிடலாம். 5 லட்சத்தில் 2 சதவீதம் குறைத்து மாற்றினால் 10,000 ரூபாய், ரசீதில் ஒரு வரிகூட இல்லாமல் போய்விடும். எந்த வழியாக இருந்தாலும் கடைசியில் கையில் வந்த ரூபாயை, அனுப்பிய டாலரால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு எண் பொய் சொல்லாது.

சின்னத் தொழில்: வாங்குபவர் நம்மை நம்ப வேண்டும்

வடசேரியில் பரதநாட்டியத்துக்கான கோயில் நகை செய்து, கனடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நடன மாணவிகளுக்கு ஆன்லைனில் விற்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செட் பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, பெயரும் இருக்கிறது. ஆனால் டொரான்டோவில் இருக்கும் பெண்ணுக்கு இந்தக் குடும்பம் யாரென்று தெரியாது. "வங்கிக் கணக்கில் முதலில் போடுங்கள்" என்றால் அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். கார்டு என்றால் தைரியமாக வாங்குவார். பொருள் வராவிட்டால் தன் வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற முடியும் என்று அவருக்குத் தெரியும். இப்படித் திருப்பி எடுப்பதற்குப் பெயர் சார்ஜ்பேக். பொதுவாக 120 நாள் வரை அதற்கு வாய்ப்பு உண்டு.

ஆக, சின்னவர் கொடுக்கும் அந்த நான்கைந்து சதவீதத்தில் ஒரு பகுதி, இல்லாத நற்பெயரை வாடகைக்கு எடுப்பதற்கான செலவு. அதை நஷ்டமாக நினைக்கத் தேவையில்லை.

சார்ஜ்பேக்கின் அடி பெரிய கடைக்கு ஆயிரம் ஆர்டரில் ஒன்றாகக் கரைந்துவிடும், சின்னவருக்கு அந்த மாத வருமானமே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் 38,000 ரூபாய் மதிப்புள்ள செட் ஒன்றைக் கையெழுத்து வாங்காத பார்சலில் அனுப்பினார். வாங்கியவர் வரவில்லை என்றார். கிடைத்ததற்குச் சான்று இல்லை. நகையும் போனது, பணமும் போனது. அன்று அவர் வந்து உட்கார்ந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கையெழுத்துடன் ஒப்படைக்கும் பார்சலுக்கு ஆகும் கூடுதல் செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். புதிய கணக்குகளில் வந்த பணத்தின் ஒரு பகுதியைச் சில வாரங்கள் பிடித்து வைக்கும் வழக்கமும் உண்டு. அதையும் எதிர்பார்த்தே மூலப்பொருள் வாங்கத் திட்டமிட வேண்டும்.

நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். நாகர்கோவிலில் எட்டுப் பேர், பத்துப் பேர் வைத்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் ஒரே ஆள், 200 டாலர் வேலை. அன்றைக்கு ஒரு கணக்கைத் திறந்தார், கார்டு வழியில் வந்தது, சரியாகத்தான் இருந்தது. இன்று ஒரே வாடிக்கையாளர் மாதம் 4,000 டாலர் தருகிறார். வழி மட்டும் மாறவில்லை.

5 சதவீதம் என்றால் மாதம் 200 டாலர், வருடம் 2,400 டாலர். டாலரை 85 ரூபாயாக வைத்தால் 2 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய். புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவருக்கு ஒரு வருடம் சம்பளம் கொடுக்கக்கூடிய தொகை இது. மூன்று வருடமாகத் தெரிந்த வாடிக்கையாளர், ஒருநாளும் தகராறு செய்யாதவர். அவருக்காக வாடகை நற்பெயர் இனி எதற்கு?

ஏன் மாற்றுவதில்லை என்று கேட்டால், "பேங்க்ல போனா ஃபார்ம் கேக்கான்" என்பார்கள். உண்மைதான். எல்லாக் கிளைகளிலும் அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்காது. உங்கள் கிளையிலிருந்து தாள்கள் வேறு ஊருக்குப் போய் வரலாம். எதற்காக வந்த பணம் என்பதைக் குறிக்கும் பர்ப்பஸ் கோட் கேட்பார்கள், இன்வாய்ஸ் கேட்பார்கள். முதல் இரண்டு முறை எரிச்சலாக இருக்கும். மூன்றாவது முறை அது பத்து நிமிட வேலை.

இடைப்பட்ட ஒரு வழியும் இப்போது வந்திருக்கிறது. பேயோனியர் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பணம் பெறும் கணக்கு எண் ஒன்றை உங்கள் பெயருக்கு ஒதுக்கித் தருகின்றன. அங்கே உள்ளவர் தன் ஊருக்குள் அனுப்புவது போலவே அனுப்பலாம், நடு வங்கிகளின் வெட்டு இல்லை. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31-இல் எல்லை தாண்டிய பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஒரு பொருளுக்கோ சேவைக்கோ 25 லட்சம் ரூபாய் வரை இந்த வழியில் பெறலாம் என்று அதில் வரம்பு வைத்தது. நடு அளவுத் தொழில்களின் பெரும்பாலான ஆர்டர்கள் இதற்குள் அடங்கிவிடும். பணம் எந்த வழியில் வந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வங்கிச் சான்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். வரிக் கணக்கிலும் ஏற்றுமதிக் கணக்கிலும் அதுதான் பேசும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: வழியை மாற்றும் முடிவை முழுத் தொழிலுக்குமாக எடுக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர் வாரியாக எடுக்கலாம். புதியவர் கார்டில் கொடுக்கட்டும், பழகியவர் வங்கியில் போடட்டும்.

பெரியவர்களுக்கு என்ன வித்தியாசம்?

அளவு கூடும்போது மூன்று கதவுகள் திறக்கின்றன. கார்டு நிறுவனங்களிடம் சதவீதத்தைப் பேரம் பேச முடிகிறது. மோசடியைக் கண்காணிக்கத் தனி ஆட்கள் வைக்க முடிகிறது. அந்தந்த நாட்டு மக்கள் விரும்பும் முறைகளைச் சேர்க்கவும் முடிகிறது. நெதர்லாந்துக்காரர் 2005-இல் வந்த ஐடீல் வழியாகக் கொடுத்துப் பழகியவர். பிரேசில்காரர் 2020-இல் வந்த பிக்ஸ். ஒவ்வொரு முறையையும் இணையதளத்தில் சேர்க்க வேலையும் பணமும் ஆகும். மாதம் பத்தாயிரம் ஆர்டர் வந்தால் அந்தச் செலவு ஆர்டருக்குக் கொஞ்சமாகப் பிரிந்துவிடும், பத்து ஆர்டர் வந்தால் பிரியாது. சின்னக் கடையில் கார்டு மட்டும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கன்டெய்னர் கணக்கில் அனுப்புபவர்களிடம் எல்சி வருகிறது. வங்கிக் கட்டணங்களையும், தாள்களைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு ஆளின் சம்பளத்தையும் தாங்கும் அளவுக்குத் தொகை பெரிதாக இருந்தால்தான் எல்சிக்கு அர்த்தம். ஒரு லட்ச ரூபாய் ஆர்டருக்கு எல்சி கேட்பது கொசு அடிக்கக் கோடாலி எடுப்பது போல.

எதிரே நிற்பவரின் அளவு

டீக்கடைப் பதிலில் விட்டுப்போன மீதிப் பாதி இதுதான். உங்கள் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை, எதிராளியின் அளவும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலை ஒன்றைப் பாருங்கள். ஊரில் அவர் பெரிய முதலாளி. ஐரோப்பியக் கடைச் சங்கிலி ஒன்றுக்கு டபிள்யூ 320 என்ற ரக முந்திரிப் பருப்பை அனுப்பும்போது அவர் சின்னவர். "60 நாள் கழித்துத் தருவோம், சம்மதமா?" என்பார்கள். சம்மதிக்காவிட்டால் அடுத்த ஆலைக்குப் போவார்கள். எனவே ஓப்பன் அக்கவுண்ட். அந்தப் பயத்தைத் தாங்க அரசு நிறுவனமான ஈசிஜிசி இருக்கிறது. வாங்குபவர் பணம் தராமல் போனால் இழப்பில் பெரும்பகுதியை ஈடு செய்யும் காப்பீட்டை அது தருகிறது, 1957 முதல் இயங்குகிறது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஓப்பன் அக்கவுண்டில் கொடுத்துவிட்டு உறக்கம் வராமல் கிடப்பவர்கள் உண்டு.

அதே ஆலை ஐவரி கோஸ்டிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டை வாங்கும்போது நிலைமை தலைகீழ். இப்போது இவர் வாங்குபவர். அங்குள்ள வியாபாரிக்கு இவரைத் தெரியாது. எல்சி திற என்கிறார். இவர் தன் வங்கியில் மார்ஜின் பணம், அதாவது பிணையாக ஒரு பகுதித் தொகை, கட்டித் திறக்கிறார். அதே முதலாளியின் மகள் அரைக் கிலோ பாக்கெட்டுகளை இணையதளத்தில் விற்கத் தொடங்கினால் அங்கே கார்டு. ஒரே கூரைக்குக் கீழே மூன்று முறைகள், மூன்றும் சரியானவை.

அதனால் அடுத்த வெளிநாட்டு ஆர்டர் வரும்போது இன்வாய்ஸ் எழுதுவதற்கு முன் தொகையையும், பணம் அனுப்புபவரோடு உங்களுக்கு எத்தனை ஆர்டர் பழக்கம் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். தொகை உங்கள் கோட்டைத் தாண்டியிருந்து, ஆள் பழகியவராக இருந்தால் வங்கி விவரத்தைக் கொடுங்கள். வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது என்று அதே இன்வாய்ஸில் ஒரு வரி சேருங்கள். கேட்காததால்தான் பலர் அந்த இருபது, முப்பது டாலரைத் தாங்களே சுமக்கிறார்கள். பிறகு பணம் வந்த அன்று, எவ்வளவு அனுப்பினார், எவ்வளவு வந்தது, எத்தனை நாள் ஆனது என்று நோட்டில் குறித்து வையுங்கள். நான்கு ஆர்டருக்குப் பிறகு உங்கள் கோடு எங்கே இருக்கிறது என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.